நாளுக்கு 5 டன் சுண்ணாம்புக் காளவாய்: கல் சோதனையிலிருந்து முதல் இறக்கம் வரை

சுண்ணாம்புக் காளவாய் கட்டப் போகிறேன் என்று சொன்னால் தமிழ்நாட்டில் கொத்தனார் உடனே கிடைத்துவிடுவார். அளவு போட்டுத் தருகிறவர்தான் கிடைக்க மாட்டார். "நம்ம பக்கம் எல்லாரும் இப்படித்தாங்க கட்டுறாங்க" என்ற ஒரே பதிலோடு வேலை தொடங்கும். அப்படிக் கட்டிய காளவாய்களில் பாதிக் கல் வேகாமல் இறங்குவதையும், கரிச் செலவு லாபத்தைத் தின்றுவிடுவதையும் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். நாங்கள் எங்கள் காளவாயைக் கட்டி எழுப்புவதற்குள் பட்ட அலைச்சல் பெரியது. அடுத்து வருகிறவர் அதையெல்லாம் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி மேலிருந்து போட்டு, கீழிருந்து சுண்ணாம்பை இறக்கும் நேர்குத்துக் காளவாய் பற்றி. இது அணையாமல் தொடர்ந்து எரிவது. அடுக்கி, எரித்து, ஆறவிட்டுப் பிரிக்கும் பழைய சூளைக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது.

1. இடம் பார்ப்பதற்கு முன்னால் கல்லைச் சோதியுங்கள்

காளவாயின் அளவைத் தீர்மானிப்பது கல். அதனால் நிலம், கடன், கொத்தனார் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள்.

குவாரியின் வெவ்வேறு முகங்களிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். கேட்க வேண்டியவை: கால்சியம் கார்பனேட், மெக்னீசியம் ஆக்சைடு, சிலிக்கா, எரிப்பு இழப்பு (சூடேற்றும்போது குறையும் எடை). தோல் பதனிடும் ஆலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் விற்க நினைத்தால் கார்பனேட் 95 சதவீதத்தை ஒட்டி இருக்கும் கல்லைத் தேடுங்கள். கட்டடச் சுண்ணாம்புக்குக் கொஞ்சம் களிமண் கலந்த கல்லும் ஆகும். கட்டடச் சுண்ணாம்பின் வகைகளை ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தரநிலை ஏ முதல் எஃப் வரை பிரித்திருக்கிறது. எந்த வகையை விற்கப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆய்வக அறிக்கை சொல்லாத ஒன்று உண்டு. சில கற்கள் சூடேறியதும் படபடவென்று வெடித்துப் பொடியாகிவிடும். பெரிய படிகம் உள்ள கல்லில் இது அதிகம். அரியலூர்ப் பக்கம் கிடைப்பது படிவுப் பாறை. திருநெல்வேலி, விருதுநகர், கரூர்ப் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் படிகக் கல். இரண்டிலும் நல்ல கல் இருக்கிறது, ஆனால் நெருப்பில் நடந்துகொள்ளும் விதம் வேறு. வாங்கப்போகும் கல்லில் ஐந்தாறு துண்டுகளை ஒரு மண்பாண்டச் சூளையிலோ ஆய்வக உலையிலோ 1,000 டிகிரி வரை சூடேற்றிப் பாருங்கள். துண்டுகள் உடையாமல் முழுதாக இருந்தால் சரி. பொடியாகிவிட்டால் அந்தக் கல் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்தக் காளவாய்க்கு வேண்டாம். பொடி இடுக்குகளை அடைத்து, காற்று மேலே போகவிடாமல் செய்துவிடும்.

2. எத்தனை டன் என்பதைச் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

சுண்ணாம்புக் காளவாய்களுக்கான மத்திய அரசின் புகை விதி கொள்ளளவை வைத்துப் பிரிக்கிறது. நாளுக்கு 5 டன் வரை என்றால் காளவாயின் மேல் புகையைச் சேர்த்துப் பிடிக்கும் ஒரு கூண்டும், தரையிலிருந்து, காளவாயின் உயரத்தையும் சேர்த்து, 30 மீட்டர் உயரப் புகைபோக்கியும் இருக்க வேண்டும். 5 டன்னுக்கு மேல் 40 டன் வரை என்றால் புகையில் உள்ள தூசு ஒரு கன மீட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 40 டன்னுக்கு மேல் 150 மில்லிகிராம். 5 டன்னைத் தாண்டிய நிமிடமே தூசு அளப்பது, தூசு பிடிக்கும் கருவி என்று செலவு வேறு தளத்துக்குப் போய்விடும். முதல் காளவாய்க்கு 5 டன் போதும் என்பது என் திடமான கருத்து.

புகைபோக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்களுக்கு முதலில் வந்த ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் புகைபோக்கி என்ற வரியே இல்லை. 30 மீட்டர் எஃகுப் புகைபோக்கிக்குத் தனி அடித்தளம், காற்றழுத்தக் கணக்கு, இடிதாங்கி எல்லாம் தேவை. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் ஐ.எஸ். 6533 தரநிலைப்படி வடிவமைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தச் செலவில் இது பெரிய பங்கு.

3. அளவு போடுவது

காளவாய் வடிவமைப்புக்கு ஐ.எஸ். 1849, ஓட்டும் முறைக்கு ஐ.எஸ். 1861 என்று இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. இந்தியத் தர அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவற்றைப் படிப்பதற்கு முன் கணக்கின் போக்கு புரிந்திருந்தால் நல்லது.

100 கிலோ தூய கல்லை முழுதாக வேகவைத்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். அப்படியானால் 5 டன் சுண்ணாம்புக்கு 8.9 டன் கல். கல்லில் உள்ள அழுக்கு, வேகாத பகுதி, உதிரும் தூள் எல்லாம் சேர்த்து 9.5 டன் என்று வையுங்கள். உடைத்த கல் ஒரு கன மீட்டர் சுமார் 1.5 டன் எடை இருக்கும். ஆக நாளுக்கு 6.3 கன மீட்டர் கல். கரியையும் சேர்த்தால் சுமார் 7.5 கன மீட்டர்.

இயற்கைக் காற்றில் எரியும் சிறிய காளவாயில் கல் மேலிருந்து கீழே வர இரண்டு நாளாவது வேண்டும். அதனால் உள் கொள்ளளவு 15 கன மீட்டர்.

இப்போது விட்டமும் உயரமும். உயரம் விட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கு இருக்க வேண்டும். உள்விட்டம் 1.5 மீட்டர் என்று எடுத்தால் பரப்பு 1.77 சதுர மீட்டர், உயரம் 8.5 மீட்டர் வரும். ஐந்தரை மடங்குக்குச் சற்று மேல். இதுதான் எங்கள் அளவு. குள்ளமாகவும் அகலமாகவும் கட்டினால் என்ன ஆகும்? மேலே வரும் சூடான புகை கல்லைச் சூடாக்க நேரமில்லாமல் வானத்துக்குப் போகும்; கீழே சுண்ணாம்பு ஆறாமல் செந்தணலாக இறங்கும். இரண்டுமே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பம்.

8.5 மீட்டரை மனதில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டரை மீட்டர் கல் சூடேறும் பகுதி. நடுவில் மூன்று மீட்டர் வேகும் பகுதி. கீழே மூன்று மீட்டர் ஆறும் பகுதி. இங்கே கீழிருந்து வரும் காற்று சுண்ணாம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போகும். கல் சிதைவது 900 டிகிரியை ஒட்டித் தொடங்குகிறது. வேகும் பகுதியை 1,000 முதல் 1,150 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. 1,200 தாண்டினால் சுண்ணாம்பு முறுகிப்போய் நீற (தண்ணீரில் கொதித்துப் பொடியாக) மறுக்கும். கரிச் சாம்பல் உருகிக் கல்லைக் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

கல்லின் அளவு 75 முதல் 150 மில்லிமீட்டருக்குள். மிகப் பெரிய துண்டு மிகச் சிறியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. கல்லின் தடிமன் இரட்டிப்பானால் வேகும் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். எல்லா அளவும் கலந்து போட்டால் சின்னது முறுகும், பெரியது நடுவில் பச்சையாக இருக்கும். குவாரியில் சலிக்காத கல் டன்னுக்கு மலிவாகத்தான் கிடைக்கும். அந்த மலிவு வேண்டாம்.

4. எரிபொருள்

கல்லோடு கலந்து எரிக்கும் காளவாய்க்கு ஆவிப் பொருள் (சூடேறியதும் வாயுவாகப் பிரியும் பகுதி) குறைவான கரிதான் ஏற்றது. ஆவிப் பொருள் அதிகமிருந்தால் அது மேல்பகுதியிலேயே எரியாமல் கரும்புகையாக வெளியேறிவிடும். அதனால்தான் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இதற்குச் சரிப்படாது. அதில் பாதிக்குப் பாதி ஈரம் வேறு. கோக் (காற்றில்லாமல் சுட்டெடுத்த நிலக்கரி) நன்றாக வேலை செய்யும். உள்நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், அந்தச் சாம்பல் சுண்ணாம்பில்தான் வந்து சேரும். பெட்ரோலியம் கோக்கில் சாம்பல் மிகக் குறைவு, சூடு அதிகம். ஆனால் கந்தகம் சுண்ணாம்பில் ஏறும், வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார். அதை எரிக்க மாசு வாரியத்தின் இசைவில் அந்த எரிபொருள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கிடைக்கும் சீமைக் கருவேல மரக்கரி அருமையானது. சாம்பல் குறைவு, கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். வெள்ளைச் சுண்ணாம்பு வேண்டுமென்றால் இதற்கு இணை இல்லை. விலை கூடுதல், நொறுங்கும், மழைக்காலத்தில் வரத்துக் குறையும்.

அளவுக் கணக்கு: ஒரு கிலோ சுண்ணாம்புக்குக் கோட்பாட்டின்படி 760 கிலோகலோரி போதும். நல்ல சிறு காளவாயில் 1,200 வரை ஆகும். 5,500 கிலோகலோரி தரும் நிலக்கரி என்றால் டன் சுண்ணாம்புக்கு சுமார் 220 கிலோ, நாளுக்கு 1.1 டன். கரித் துண்டு கல்லைவிடச் சின்னதாக, 25 முதல் 50 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கரி வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காமல் ஈரம், சாம்பல், கலோரி மூன்றுக்கும் சோதனைச் சீட்டுக் கேளுங்கள். நனைந்த கரியை எடை போட்டு வாங்குவது தண்ணீரை வாங்குவதுதான்.

5. காகிதங்கள்

இந்தப் படியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவு கைக்கு வருமுன் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். கட்டி முடித்தபின் இயக்குவதற்கான இசைவு தனியாக வாங்க வேண்டும். இரண்டும் நீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 ஆகியவற்றின் கீழ் வருகின்றன, விண்ணப்பம் இணையவழி.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: கிரயப் பத்திரம் அல்லது பதிவு செய்த குத்தகை ஒப்பந்தம், பட்டா, சிட்டா, புல வரைபடம், நிலப் பயன்பாட்டுச் சான்று, ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வீடு, பள்ளி, குளம், ஓடை எங்கெங்கே என்று காட்டும் வரைபடம், ஆலையின் உள் அமைப்பு வரைபடம், செய்முறை விளக்கம், புகைபோக்கி வரைபடம், மொத்த நிலையான சொத்து மதிப்புக்குத் தணிக்கையாளர் சான்று. இசைவுக் கட்டணம் அந்தச் சொத்து மதிப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் நிலம், கட்டடம், இயந்திரம் எல்லாம் அந்தச் சான்றில் சரியாக இருக்கட்டும். பின்னால் முரண்பட்டால் கோப்பு திரும்பி வரும்.

நிலப் பயன்பாட்டுச் சான்றுதான் அதிகம் இழுக்கும். நிலம் விவசாய வகையில் இருந்தால் நகர் ஊரமைப்புத் துறையில் வகைமாற்றம் செய்ய வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே இதை விசாரித்துவிடுங்கள். வாரியம் முடிவெடுக்கச் சட்டம் நான்கு மாதம் அனுமதிக்கிறது. ஆவணம் குறைந்தால் அந்தக் கணக்கு நீளும். வங்கியில் தவணை தொடங்கும் தேதியை இதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கல் கனிமம் என்பதையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டுக் கனிமச் சேமிப்பு மற்றும் வணிகர் விதிகளின்படி, கல்லைக் குவித்து வைக்கவும் பதப்படுத்தவும் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் பதிவு வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் போக்குவரத்துச் சீட்டு வாங்கி, தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். சீட்டில்லாத கல் முற்றத்தில் கிடந்தால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

இவை போக உள்ளாட்சி அனுமதி, தீயணைப்புத் துறை, மின் இணைப்பு, உத்யம் என்ற சிறுதொழில் பதிவு. உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், பழைய தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தொகுப்பையும் பாருங்கள்.

6. பணம்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்புக் காட்டலாம். ஊரகப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும் சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம். முக்கியம்: இது புதுத் தொழிலுக்கு மட்டும். கடன் அனுமதிக்கு முன்னால் தொழிலைத் தொடங்கிவிட்டால் மானியம் போய்விடும்.

விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கு சொல்லவில்லை. உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள்: ஒரு டன் சுண்ணாம்புக்கு 1.9 டன் கல், 220 கிலோ கரி, ஏற்று இறக்குக் கூலி, சாக்கு. இவற்றில் கரிதான் கையைக் கடிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் நிலக்கரிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; சுண்ணாம்புக்கு 5 சதவீதம். வாங்கும்போது கட்டிய வரி விற்கும்போது முழுதாகக் கழியாமல் தேங்கிவிடும். அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறது, ஆனால் விண்ணப்பித்து வரும்வரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். நடைமுறை மூலதனத்தில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

7. கட்டுமானம்

உள்ளே 230 மில்லிமீட்டர் ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்), அதன் பின்னால் 115 மில்லிமீட்டர் வெப்பத்தடுப்புச் செங்கல், பிறகு 50 மில்லிமீட்டர் இடைவெளி, வெளியே 450 மில்லிமீட்டர் செங்கல் சுவர். சுவரைச் சுற்றி மீட்டருக்கு ஒன்றாக இரும்புப் பட்டை, முறுக்கி இறுக்கும் வசதியோடு. அந்த 50 மில்லிமீட்டர் இடைவெளியைக் கலவை போட்டு நிரப்பக் கொத்தனார் துடிப்பார். விடாதீர்கள். உள் சுவர் சூட்டில் விரிய அந்த இடம் வேண்டும். உலர்ந்த சாம்பலோ செங்கல் தூளோ தளர்வாகப் போட்டால் போதும். இடைவெளி இல்லாமல் கட்டிய சுவர் முதல் மாதத்திலேயே மேலிருந்து கீழ்வரை வெடிப்பதைப் பார்க்கலாம்.

8.5 மீட்டருக்கு ஃபயர் பிரிக் சுமார் 5,300 பிடிக்கும். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். வட்டத்துக்கு ஏற்ற சரிவுக் கல் கேளுங்கள். நேர்க்கல்லை வெட்டிப் பொருத்தினால் இணைப்பு தடிக்கும், தடித்த இணைப்பைச் சுண்ணாம்பு அரித்துவிடும். வேகும் பகுதிக்கு மட்டும் உயர் அலுமினாக் கல் வாங்குங்கள், மற்ற இடத்துக்குச் சாதாரண ஃபயர் பிரிக் போதும். இணைப்புக்கு ஃபயர் கிளே. உள்ளே சிமென்ட் பக்கமே போக வேண்டாம்.

கல்லும் சுவரும் சேர்த்து எடை நூறு டன்னுக்கு மேல் வரும். மண் பரிசோதனை இல்லாமல் அடித்தளம் தோண்டாதீர்கள். கரிசல் நிலமாக இருந்தால் இன்னும் கவனம்.

அடியில் நடுவே ஒரு கூம்பு, சுற்றி நான்கு இறக்கும் வாய்கள். நான்கும் ஒரே அளவு. வேகும் பகுதியில் மூன்று மட்டத்தில் பார்வைத் துளைகள் வையுங்கள். கம்பி விட்டுக் குத்தவும் வெப்பமானி செருகவும் அவை இல்லாமல் முடியாது. கே வகை வெப்பமானி 1,200 டிகிரி வரை தாங்கும். 30 மீட்டர் புகைபோக்கி காற்றைப் பலமாக இழுக்கும், அதனால் புகைவழியில் திறந்து மூடும் தகடு கட்டாயம்.

8. முதல் தீ

புதுச் சுவரில் ஈரம் நிறைய இருக்கும். ஒரு வாரத்துக்குக் குறையாமல் சிறு விறகுத் தீயில் மெதுவாக உலர்த்துங்கள். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டால் ஃபயர் பிரிக் முகம் சிதறும்.

பிறகு ஆறும் பகுதி முழுக்க வெறும் கல்லை நிரப்புங்கள். அதன்மேல் காய்ந்த விறகு, அதன்மேல் கொஞ்சம் கூடுதலான கரியோடு கல் அடுக்குகள், மேலே போகப்போக வழக்கமான விகிதம். தீ பிடித்து வேகும் பகுதியில் நிலைக்கும்வரை இறக்காதீர்கள். முதலில் இறங்குவது வேகாத கல்; அதைத் திரும்ப மேலே ஏற்றலாம்.

9. தினசரி ஓட்டம்

கொஞ்சமாக, அடிக்கடி இறக்குங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நான்கு வாய்களிலும் சமமாக. இறக்கிய அளவுக்கு உடனே மேலே போடுங்கள். ஒரே வாயில் சௌகரியத்துக்காக அதிகம் இறக்கினால் தீ ஒரு பக்கம் சாய்ந்துவிடும், நிமிர்த்துவது பெரும்பாடு.

மேலே செந்தணல் தெரிந்தால் தீ ஏறிவிட்டது: கூடுதலாக இறக்குங்கள், தகட்டைக் கொஞ்சம் மூடுங்கள். இறங்கும் சுண்ணாம்பு கையில் தொட முடியாத சூட்டில் வந்தால் தீ கீழே வந்துவிட்டது: இறக்குவதைக் குறையுங்கள். புகை 250 டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் கரி விகிதத்தைச் சரிபாருங்கள்.

ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு கிலோ எடுத்து வாளித் தண்ணீரில் நீற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் கொதித்து நீறினால் நல்ல வேக்காடு. வெகுநேரம் சும்மா கிடந்து பிறகு நீறினால் முறுகியது. அடியில் தங்கும் கல்லின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்குகிறதா? அப்படியானால் நடு வேகவில்லை. அந்த வேகாத கல்லைக் கழுவிக் காயவைத்து எடை போட்டு நோட்டில் எழுதிவாருங்கள். விலை பேசும்போது அந்த நோட்டுதான் உங்களுக்குத் துணை.

ஆள் பாதுகாப்பில் சமரசமே கூடாது. காளவாயின் மேல்தளத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். மணமோ நிறமோ கிடையாது. ஆள் மயங்கி உள்ளே விழுந்த சம்பவங்கள் இந்தத் தொழிலில் உண்டு. மேலே எப்போதும் இரண்டு பேர், சுற்றிலும் இடுப்புயரக் கம்பி வேலி, சட்டையில் மாட்டும் வாயு அலாரம். காற்றில்லாத நாளில் குனிந்து எட்டிப்பார்க்க விடாதீர்கள். இறக்குகிறவர்களுக்கு மூடிய கண்ணாடி, கையுறை, முழுக்கால் பூட்ஸ். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரி. அதற்கான குழாய் இறக்கும் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இறக்கிய சுண்ணாம்பு காற்றின் ஈரத்தையே குடித்து நீறத் தொடங்கும். உள் உறையுள்ள சாக்கில் அன்றன்றே கட்டி, தரையிலிருந்து உயர்த்திய பலகைமேல், ஒழுகாத கூரையின்கீழ் அடுக்குங்கள். நனைந்தால் பக்கத்து மரமும் சாக்கும் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடேறும். அதனால் கரிக் கிடங்கும் சுண்ணாம்புக் கிடங்கும் ஒட்டி இருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தார்ப்பாய் இல்லாத லாரியில் சரக்கை ஏற்றாதீர்கள். அக்டோபர் தொடங்குவதற்கு முன் கிடங்குக் கூரையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடுங்கள்.